1996 துடுப்பாட்ட உலகக்கிண்ணம்: நடத்தும் உரிமையும் தகுதி பெறுதலும்

1996 துடுப்பாட்ட உலகக்கிண்ணம் என்பது பன்னாட்டுத் துடுப்பாட்ட அவை (ஐசிசி) நடத்திய ஆறாவது உலகக்கிண்ணத் துடுப்பாட்டத் (கிரிக்கெட்) தொடர் ஆகும். இது 1996 பெப்ரவரி 14 முதல் மார்ச் 17 வரை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளில் நடைபெற்றது. முதன்மை விளம்பரதாரரின் பெயரால் இது வில்ஸ் உலகக்கிண்ணம் எனவும் அழைக்கப்பட்டது. பன்னிரண்டு அணிகள் பங்கேற்றன. லாகூரில் நடந்த இறுதிப் போட்டியில் இலங்கை அணி ஆஸ்திரேலிய அணியை ஏழு விக்கெட்டுகளால் வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. போட்டியை நடத்திய நாடொன்று உலகக்கிண்ணத்தை வென்றதும் இதுவே முதன்முறையாகும்.

எனினும் இத்தொடர் அதன் ஆட்டங்களால் மட்டும் நினைவுகூரப்படுவதில்லை. நடத்தும் உரிமையைப் பெற்ற இலங்கைக்கு ஒதுக்கப்பட்டவை நான்கு போட்டிகளே. அவற்றில் இரண்டு நடைபெறவில்லை. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்ததே இதற்குக் காரணம். நடத்தும் உரிமை எவ்வாறு பெறப்பட்டது, அணிகள் எவ்வாறு தகுதி பெற்றன, இந்த மறுப்பினால் புள்ளிப் பட்டியலில் என்ன விளைந்தது என்பவற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

நடத்தும் உரிமை

முதல் மூன்று உலகக்கிண்ணங்களும் (1975, 1979, 1983) இங்கிலாந்திலேயே நடைபெற்றன. 1987ஆம் ஆண்டுத் தொடரை இந்தியாவும் பாகிஸ்தானும் இணைந்து நடத்தியதுடன் அவ்வழக்கம் முடிவுக்கு வந்தது. 1992இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நடத்தின. அடுத்த தொடர் தங்களிடமே திரும்பும் என்று இங்கிலாந்து எதிர்பார்த்திருந்தது.

இந்திய, பாகிஸ்தானிய, இலங்கைத் துடுப்பாட்ட வாரியங்கள் இணைந்து 'பில்காம்' என்னும் கூட்டுக்குழுவை அமைத்து உரிமை கோரின. இந்தியாவின் ஜக்மோகன் டால்மியா இக்குழுவின் முக்கியப் பொறுப்பில் இருந்தார். 1993 பெப்ரவரியில் லண்டனில் கூடிய ஐசிசி கூட்டம் நெடுநேரம் கடும் வாக்குவாதத்துடன் நீடித்தது. இறுதியில் 1999ஆம் ஆண்டுத் தொடர் தனக்கு வழங்கப்படும் என்ற உறுதியுடன் இங்கிலாந்து விலகிக்கொண்டது.

இந்த முடிவுக்குப் பின்னே எளிய கணக்கு ஒன்று இருந்தது. டெஸ்ட் போட்டிகளில் ஆடும் முழு உறுப்பு நாடுகளுக்கு மட்டுமன்றி, கென்யா, நெதர்லாந்து, வங்காளதேசம் (வங்காளதேசம் 2000ஆம் ஆண்டில்தான் டெஸ்ட் தகுதி பெற்றது) போன்ற இணை உறுப்பு நாடுகளுக்கும் வாக்குரிமை இருந்தது. ஆசிய வாரியங்கள் இணை உறுப்பு நாடுகளுக்கு இங்கிலாந்தைக் காட்டிலும் கூடுதல் தொகை வழங்க முன்வந்தன. அத்துடன் உலகக்கிண்ணத்தில் அந்நாடுகளுக்கான இடங்களும் ஒன்றிலிருந்து மூன்றாக உயர்ந்தன. இதை வாக்குகளை விலைக்கு வாங்கும் செயலாகச் சிலர் குறை கூறினர். ஆனால் அதுவரை அவையின் மாடத்தில் பார்வையாளர் போலவே நடத்தப்பட்ட சிறு நாடுகளுக்கு ஆட்டத்தின் வருவாயில் குறிப்பிடத்தக்க பங்கு கிடைத்தது இதன் பின்னரே என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். நிறுவன உறுப்பினர்கள் என்ற முறையில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் வைத்திருந்த தடையுரிமை நீக்கப்பட்டதும் அதே 1993ஆம் ஆண்டில்தான்.

கொடுத்த வாக்குறுதிகளை நிறைவேற்றப் பெரும் பணம் தேவைப்பட்டது. ஐடிசி நிறுவனம் தனது வில்ஸ் சிகரெட்டின் பெயரில் முதன்மை விளம்பரதாரரானது. (இந்தியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை நிறுவனங்கள் விளையாட்டுகளுக்கு விளம்பர ஆதரவு அளிப்பதைத் தடை செய்துவிட்டதால் இத்தகைய பெயர் இனி வர இயலாது.) கொக்கக் கோலா அதிகாரபூர்வ குளிர்பானமாக அறிவிக்கப்பட, அந்த 'அதிகாரபூர்வ' என்னும் சொல்லையே கேலி செய்து பெப்சி நிறுவனம் வெளியிட்ட விளம்பரங்கள் மக்களிடையே அதிகப் புகழ் பெற்றன. தொலைக்காட்சி உரிமையை மார்க் மஸ்கரேனசின் வேர்ல்டுடெல் நிறுவனம் சுமார் 1 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. வான் அலைகள் அரசின் தனியுடைமை அல்ல, பொதுச் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பெப்ரவரியில் அளித்த தீர்ப்பு, துடுப்பாட்ட ஒளிபரப்பு தொடர்பான வழக்கு ஒன்றில் எழுந்ததே. தூர்தர்சன் மட்டுமே ஆட்டங்களைக் காட்ட முடியும் என்ற நிலை அதனுடன் மாறியது.

தகுதி பெற்ற அணிகள்

டெஸ்ட் தகுதி பெற்றிருந்த ஒன்பது நாடுகள் (ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, இந்தியா, இலங்கை, சிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள்) நேரடியாக இடம் பெற்றன. மீதி மூன்று இடங்களுக்கு 1994 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கென்யாவின் நைரோபி நகரில் ஐசிசி கிண்ணத் தகுதிச்சுற்று நடத்தப்பட்டது. ஐரோப்பாவுக்கு வெளியே இச்சுற்று நடைபெற்றது இதுவே முதன்முறை. இருபது அணிகள் கலந்துகொண்டன.

இறுதிப் போட்டியில் ஐக்கிய அரபு அமீரகம் கென்யாவை இரண்டு விக்கெட்டுகளால் வென்றது. மூன்றாம் இடத்திற்கான போட்டியில் நெதர்லாந்து பெர்முடாவை வென்றது. தகுதி பெறும் என்று பலரும் எதிர்பார்த்த வங்காளதேசம் வெளியேறியது. அந்நாட்டு ரசிகர்கள் தங்கள் அணியை உலகக்கிண்ணத்தில் காண 1997 கோலாலம்பூர் சுற்று வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமீரக அணியின் வெற்றி சர்ச்சைக்கு உள்ளானது. அணித்தலைவர் சுல்தான் சரவானி அந்நாட்டவர். ஆனால் அணியினரில் பெரும்பாலோர் பாகிஸ்தான், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் பிறந்து வேலைக்காக அங்கே குடியேறியவர்கள். உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்த நாடுகள் இதை நியாயமற்றதாகக் கருதின. பின்னர் வீரர்களின் வசிப்பிடத் தகுதி விதிகள் இறுக்கமாக்கப்பட்டன. இருப்பினும் வளைகுடா நாட்டின் வெயிலில் அலுவலக நேரம் போக எஞ்சிய நேரத்தில் பயிற்சி எடுத்தே அவர்களில் பலர் அந்த இடத்தை அடைந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. நெதர்லாந்து அணியிலும் பார்படோசில் பிறந்த நோலன் கிளார்க் இடம் பெற்றிருந்தார். அப்போது அவருக்கு வயது 47. உலகக்கிண்ணத்தில் ஆடியவர்களில் மிக மூத்தவர் அவரே.

இலங்கையும் ஒரு காலத்தில் இதே வாயிலின் வழியே வந்த நாடு என்பது குறிப்பிடத்தக்கது. 1979இல் நடந்த முதலாவது ஐசிசி கிண்ணத்தை வென்றே இலங்கை அவ்வாண்டு உலகக்கிண்ணத்தில் ஆடியது. டெஸ்ட் தகுதி 1981இல் கிடைத்தது. அந்த 1979 தகுதிச்சுற்றில் அரசியல் காரணங்களால் இசுரேலுடன் ஆட மறுத்துப் போட்டியை விட்டுக்கொடுத்த அணியும் இலங்கையே.

ஆட்ட அமைப்பும் நகரங்களும்

பன்னிரண்டு அணிகளும் ஆறு ஆறாக இரு பிரிவுகளில் வைக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள் காலிறுதிக்குச் செல்லும் என விதிக்கப்பட்டது. அதாவது 30 போட்டிகளின் முடிவில் வெளியேறுபவை நான்கு அணிகள் மட்டுமே. இந்த அமைப்பைப் பற்றிக் கீழே மீண்டும் காணலாம்.

மொத்தம் 37 போட்டிகள் திட்டமிடப்பட்டன. இவற்றில் இந்தியாவுக்கு 17, பாகிஸ்தானுக்கு 16, இலங்கைக்கு 4 ஒதுக்கப்பட்டன. இந்தியா தன் 17 போட்டிகளையும் 17 வெவ்வேறு நகரங்களில் நடத்தியது. பல மாநிலச் சங்கங்களுக்கும் போட்டி கிடைக்க வேண்டும் என்ற நோக்கம் இதனால் நிறைவேறியது. ஆனால் அலைச்சல் முழுவதும் அணிகளின் தலையில் விழுந்தது. சிம்பாப்வே அணி ஐதராபாத்து, கொழும்பு, பாட்னா, நாக்பூர், கான்பூர் என்ற வரிசையில் பயணம் செய்தது. பாட்னாவில் கென்யாவுடனான ஆட்டம் மழையால் தடைப்பட்டு மறுநாள் புதிதாக ஆடப்பட்டதால் அவ்விரு அணிகளுக்கும் ஓய்வு நாளொன்றும் போயிற்று. பாகிஸ்தானில் கராச்சி, லாகூர், ராவல்பிண்டி, பைசலாபாத், பெசாவர், குஜ்ரான்வாலா ஆகிய ஆறு நகரங்களில் ஆட்டங்கள் நடைபெற்றன. சென்னை சேப்பாக்கத்தின் எம். ஏ. சிதம்பரம் அரங்கிற்கு ஒரு காலிறுதிப் போட்டி கிடைத்தது.

கொழும்பில் நடைபெறாத இரு போட்டிகள்

1996 சனவரி 31 அன்று கொழும்புக் கோட்டைப் பகுதியிலுள்ள இலங்கை மத்திய வங்கியின் முன் வெடிமருந்து நிரப்பிய சரக்குந்து வெடித்தது. விடுதலைப் புலிகள் நடத்திய இத்தாக்குதலில் 91 பேர் உயிரிழந்தனர். 1,400 பேர் வரை காயமடைந்தனர். உலகக்கிண்ணம் தொடங்க அப்போது இரண்டு வாரங்களே இருந்தன. ஆஸ்திரேலியா பெப்ரவரி 17 அன்றும், மேற்கிந்தியத் தீவுகள் பெப்ரவரி 25 அன்றும் கொழும்பு பிரேமதாச அரங்கில் இலங்கையுடன் ஆடவிருந்தன. பாதுகாப்பைக் காரணம் காட்டி இரு அணிகளும் வர மறுத்தன.

ஆஸ்திரேலியாவின் மறுப்புக்குப் பின்னணி ஒன்றும் உண்டு. இலங்கை அணி அதற்குச் சற்று முன்னர்தான் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தை முடித்திருந்தது. பந்தைச் சேதப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு, பின்னர் அது திரும்பப் பெறப்பட்டமை, 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ண் டெஸ்டில் கண்டியைச் சேர்ந்த தமிழரான முத்தையா முரளிதரனின் பந்துகளை நடுவர் டாரல் ஹேர் முறையற்றவை என அறிவித்தமை என அப்பயணம் முழுதும் கசப்பாகவே கழிந்தது. ஆஸ்திரேலிய வீரர்கள் சிலருக்கு மிரட்டல்களும் வந்திருந்தன. எனவே கொழும்புப் பயணம் குறித்து அவர்களிடம் இருந்த தயக்கத்திற்குக் குண்டுவெடிப்பு மட்டுமே காரணமாக இருக்கவில்லை. மறுபுறம், தலைநகரின் நடுவே நூற்றுக்கணக்கானோர் இறந்தும் காயமுற்றும் கிடந்த காட்சியைக் கண்ட இளைஞர்களின் அச்சத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

அணிகளுக்கு மிக உயர்ந்த பாதுகாப்பு அளிப்பதாக இலங்கை அறிவித்தது. ஐசிசியும் அங்கு ஆடுவது பாதுகாப்பானதே என முடிவு செய்தது. தொடக்க விழாவையொட்டிக் கொல்கத்தாவில் நடந்த பேச்சுகள் பயனளிக்கவில்லை. தொடரின் முதல் ஆட்டத்திற்கு முந்தைய நாளான பெப்ரவரி 13 அன்று, இந்திய, பாகிஸ்தானிய வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்பு சென்று இலங்கையுடன் ஒரு நட்புப் போட்டியில் ஆடினர். முகமது அசாருதீன் அணித்தலைவராக இருந்தார். வாசிம் அக்ரமும் சச்சின் டெண்டுல்கரும் ஒரே அணியில் ஆடினர். எல்லையில் ஓயாது மோதிக்கொள்ளும் இரு நாடுகள் மூன்றாவது நாடொன்றின் பொருட்டு ஒரே சட்டையை அணிந்தது துடுப்பாட்ட வரலாற்றில் அரிய நிகழ்வாகும். இந்தக் கூட்டணியே ஆட்டத்தில் வென்றது. அரங்கில் கூடிய இலங்கை ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆயினும் இரு அணிகளும் தம் முடிவை மாற்றவில்லை. இரண்டு போட்டிகளும் விட்டுக்கொடுக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள் வீதம் இலங்கைக்கு நான்கு புள்ளிகள் வழங்கப்பட்டன. சிம்பாப்வே பெப்ரவரி 21 அன்று கொழும்பில் ஆடியது. கென்யா மார்ச் 6 அன்று கண்டி அஸ்கிரிய அரங்கில் ஆடியது. அந்த ஆட்டத்தில் இலங்கை 5 விக்கெட் இழப்பிற்கு 398 ஓட்டங்கள் குவித்தது. அரவிந்த டி சில்வா 145 ஓட்டங்கள் எடுத்தார். ஒருநாள் போட்டிகளில் ஓர் அணியின் அதிகபட்ச ஓட்டங்களாக இது 2006 மார்ச் வரை நீடித்தது. வலிமை மிக்க இரு அணிகள் வர மறுத்த இடத்திற்குச் சிறிய அணிகள் இரண்டும் மறுப்பின்றி வந்து ஆடிச் சென்றன.

புள்ளிப் பட்டியலில் விளைவு

முதல் பிரிவின் முடிவில் இலங்கை 10, ஆஸ்திரேலியா 6, இந்தியா 6, மேற்கிந்தியத் தீவுகள் 4, சிம்பாப்வே 2, கென்யா 2 எனப் புள்ளிகள் அமைந்தன. இலவசமாகக் கிடைத்த நான்கு புள்ளிகளால்தான் இலங்கை காலிறுதியை எட்டியது என்று அக்காலத்தில் கூறப்பட்டதுண்டு. கணக்கு அவ்வாறு இல்லை. இலங்கை ஆடிய மூன்று போட்டிகளிலும் (சிம்பாப்வே, இந்தியா, கென்யா) வென்றது. தில்லியில் டெண்டுல்கரின் 137 ஓட்டங்களுடன் இந்தியா எடுத்த 271 ஓட்டங்களை நான்கு விக்கெட்டுகளை மட்டும் இழந்து எட்டிப் பிடித்தது. கொழும்புப் போட்டிகள் இரண்டும் நடைபெற்று இரண்டிலும் இலங்கை தோற்றிருந்தாலும், புள்ளிகள் ஆஸ்திரேலியா 8, இந்தியா 6, இலங்கை 6, மேற்கிந்தியத் தீவுகள் 6 என்றே இருந்திருக்கும். காலிறுதிக்குச் சென்றிருப்பவை அதே நான்கு அணிகள்தான். மாறியிருக்கக்கூடியது தரவரிசையும் அதனால் அமையும் எதிரணியும் மட்டுமே.

இதிலிருந்து மற்றொன்றும் தெரிகிறது. பன்னிரண்டில் எட்டு அணிகள் தகுதி பெறும் அமைப்பில் ஒரு போட்டியை விட்டுக்கொடுப்பதற்கு வலிய அணிகள் கொடுக்க வேண்டிய விலை மிகக் குறைவு. இரு அணிகளும் இரண்டு புள்ளிகளை இழந்தன. காலிறுதி இடத்தை இழக்கவில்லை. இழப்பு முழுவதும் நடத்தும் நாட்டையே சேர்ந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் வாக்கெடுப்பிலும் பேரத்திலும் பெற்ற உரிமையில் பாதி கொழும்பு ரசிகர்களுக்குக் கிட்டாமல் போயிற்று.

மேற்கிந்தியத் தீவுகள் மட்டும் ஏறத்தாழ அந்த விலையைக் கொடுத்திருக்கும். பெப்ரவரி 29 அன்று புனேயில் நடந்த போட்டியில் கென்யா 166 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. பதிலுக்கு ஆடிய மேற்கிந்தியத் தீவுகள் 93 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ரஜப் அலியின் பந்தில் பிரையன் லாரா கொடுத்த பிடியை, உருவத்தில் பருத்த இலக்குக் காப்பாளர் தாரிக் இக்பால் பற்றிக்கொண்ட காட்சி பலமுறை ஒளிபரப்பப்பட்டது. அணித்தலைவர் மோரிசு ஒடும்பே 15 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் வீழ்த்தினார். தகுதிச்சுற்றின் வழியே வந்த, முழுநேர ஆட்டக்காரர்கள் அல்லாத பலரைக் கொண்ட அணி, இருமுறை உலகக்கிண்ணம் வென்ற அணியைத் தோற்கடித்தது. இதன் பின்னர் மேற்கிந்தியத் தீவுகளின் அணித்தலைவர் ரிச்சி ரிச்சர்ட்சன் தம் ஓய்வை அறிவித்தார். மார்ச் 4 அன்று செய்ப்பூரில் ஆஸ்திரேலியாவை வென்ற பின்னரே அவ்வணியால் மூச்சுவிட முடிந்தது.

இரண்டாம் பிரிவில் இத்தகைய பரபரப்பு இருக்கவில்லை. தென்னாப்பிரிக்கா, பாகிஸ்தான், நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகியவை முதல் நான்கு இடங்களைப் பெற்றன. மார்ச் 1 அன்று லாகூரில் அமீரகம் நெதர்லாந்தை ஏழு விக்கெட்டுகளால் வென்றது. இணை உறுப்பு நாடுகள் இரண்டு மோதிய முதல் அதிகாரபூர்வ ஒருநாள் போட்டி இதுவாகும். ராவல்பிண்டியில் தென்னாப்பிரிக்காவின் கேரி கர்ஸ்டன் ஆட்டமிழக்காமல் 188 ஓட்டங்கள் எடுத்த போட்டியில், அமீரக அணித்தலைவர் சரவானி தலைக்கவசம் இன்றித் தொப்பியுடன் ஆட வந்து, ஆலன் டொனால்டின் முதல் பந்தையே தலையில் வாங்கினார். நல்வேளையாகப் பெருந்தீங்கு நேரவில்லை.

காலிறுதி முதல் இறுதி வரை

மார்ச் 9 அன்று பைசலாபாத்தில் இலங்கை இங்கிலாந்தை ஐந்து விக்கெட்டுகளால் வென்றது. சனத் ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்கள் எடுத்தார். அதே நாளில் பெங்களூரில் இந்தியா பாகிஸ்தானை 39 ஓட்டங்களால் வென்றதால், நடத்தும் நாடுகளுள் ஒன்று வெளியேறியது. மார்ச் 11 அன்று கராச்சியில் மேற்கிந்தியத் தீவுகள் தென்னாப்பிரிக்காவை வென்றது. சென்னையில் நியூசிலாந்தின் கிறிஸ் ஹாரிஸ் 130 ஓட்டங்கள் எடுத்தும், மார்க் வாவின் 110 ஓட்டங்களின் துணையுடன் ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டுகளால் வென்றது.

மார்ச் 13 அன்று கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் நடந்த அரையிறுதியில் இலங்கை 251 ஓட்டங்கள் எடுத்தது. டெண்டுல்கர் 65 ஓட்டங்களில் ஆட்டமிழந்தவுடன் இந்திய அணி சரியத் தொடங்கி 120 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை இழந்தது. ரசிகர்கள் அரங்கினுள் போத்தல்களை எறிந்து இருக்கைகளுக்குத் தீ வைத்ததால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, போட்டி நடுவர் கிளைவ் லாயிட் இலங்கைக்கு வெற்றியை வழங்கினார். ஆக, ஒரே தொடரில் மூன்று போட்டிகள் முழுமையாக ஆடப்படாமலேயே இலங்கைக்கு அளிக்கப்பட்டன. முதல் இரண்டும் அந்நாட்டின் பாதுகாப்பின் மீதான ஐயத்தால். மூன்றாவது, அந்த ஐயத்தைக் கண்டித்து உடன் நின்ற நாட்டின் ரசிகர்களால்.

மறுநாள் மொகாலியில் ஆஸ்திரேலியா மேற்கிந்தியத் தீவுகளை ஐந்து ஓட்டங்களால் வென்றது. கொழும்புக்கு வர மறுத்த இரு அணிகளும் இவ்வாறு அரையிறுதியில் மோதின. அவற்றுள் வென்ற அணி, தான் சந்திக்க மறுத்த அணியை மார்ச் 17 அன்று லாகூர் கடாபி அரங்கில் சந்தித்தது. ஆஸ்திரேலியா 7 விக்கெட் இழப்பிற்கு 241 ஓட்டங்கள் எடுத்தது. அரவிந்த டி சில்வா 3 விக்கெட்டுகள் வீழ்த்தியதோடு ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் எடுக்க, 22 பந்துகள் மீதமிருக்க இலங்கை வென்றது. அர்ஜுன ரணதுங்க, பாகிஸ்தான் பிரதமர் பெனசீர் பூட்டோவிடமிருந்து கிண்ணத்தைப் பெற்றார். அதற்கு முந்தைய ஐந்து உலகக்கிண்ணங்களிலும் சேர்த்து இலங்கை வென்றிருந்தவை நான்கு போட்டிகள் மட்டுமே.

பிற்காலத்தில்

விட்டுக்கொடுக்கப்பட்ட போட்டிகள் 2003 உலகக்கிண்ணத்தில் மீண்டும் நிகழ்ந்தன. இங்கிலாந்து அராரேயிலும், நியூசிலாந்து நைரோபியிலும் ஆட மறுத்தன. இம்முறை ஒவ்வொரு பிரிவிலும் ஏழு அணிகளில் மூன்று மட்டுமே அடுத்த சுற்றுக்குச் செல்லும் என்ற அமைப்பு இருந்ததால் விலை கடுமையாக இருந்தது. இங்கிலாந்து முதல் சுற்றிலேயே வெளியேறியது. கென்யா, கிடைத்த புள்ளிகளையும் தன் சொந்த வெற்றிகளையும் கொண்டு அரையிறுதி வரை சென்றது.

2009 மார்ச் 3 அன்று லாகூரில், கடாபி அரங்கிற்குச் சென்றுகொண்டிருந்த இலங்கை அணியின் பேருந்து மீது துப்பாக்கித் தாக்குதல் நடத்தப்பட்டது. வீரர்கள் சிலர் காயமடைந்தனர்; காவலர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். பாகிஸ்தானுக்கு வேறு அணிகள் வரத் தயங்கிய காலத்தில் சென்ற அணி இலங்கை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. இதனையடுத்து 2011 உலகக்கிண்ணத்தை நடத்தும் உரிமையில் பாகிஸ்தானுக்கு இருந்த பங்கு பறிக்கப்பட்டு, அத்தொடரை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகியவை நடத்தின.

1996க்குப் பின் பாகிஸ்தான் மண்ணில் நடந்த முதல் ஐசிசி தொடர் 2025 வாகையர் கிண்ணம் ஆகும். இந்திய அணி பாகிஸ்தானுக்குச் செல்ல மறுத்ததால் அதன் போட்டிகள் துபாய்க்கு மாற்றப்பட்டன. இம்முறை எவருக்கும் புள்ளிகள் விட்டுக்கொடுக்கப்படவில்லை. போட்டியின் இடமே மாறியது. இந்தியா இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றதால், லாகூர் கடாபி அரங்கில் நடைபெற்றிருக்க வேண்டிய இறுதிப் போட்டி மார்ச் 9 அன்று துபாயில் நடைபெற்றது.